பழைய ஜெர்மன் அரசுகளின் தங்கக் காசுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் இழுப்பறையில் இருக்கும் காசுகளைப் பார்க்கும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இது எத்தனை பவுன் தேறும்?" அதற்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் இந்தக் காசுகளில் தங்கம் பாதிக் கதைதான். மீதிக் கதை அந்தத் தங்கத்தின் மேல் எந்த ஊர்க்காரன் என்ன எழுத்தை அடித்தான் என்பதில் இருக்கிறது. புதிதாகச் சேர்க்க நினைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"பழைய ஜெர்மன் அரசுகள்" என்றால் எவை?

1871க்கு முன் ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. அரசர், டியூக், இளவரசர், பேராயர், நகரசபை என்று ஆளுக்கொரு கொடி, ஆளுக்கொரு சுங்கச்சாவடி, பணமும் உரிமையும் இருந்தால் ஆளுக்கொரு தங்கசாலை. நெப்போலியன் போர்கள் முடிந்து 1815இல் ஜெர்மன் கூட்டமைப்பு உருவானபோதுகூட அதில் ஏறக்குறைய 40 அரசுகள் இருந்தன. 1866 போரில் ஹனோவர், நாசாவ், ஹெஸ்ஸன்-காசெல், ஃபிராங்க்ஃபர்ட் ஆகியவற்றைப் பிரஷ்யா விழுங்கியது. 1871இல் பேரரசு அமைந்தபோது மிஞ்சியவை 25: நான்கு மன்னர் நாடுகள், ஆறு கிராண்ட் டியூக் நாடுகள், ஐந்து டியூக் நாடுகள், ஏழு சிற்றரசுகள், மூன்று சுதந்திர நகரங்கள்.

பேரரசு வந்ததும் சிற்றரசர்களின் தலை காசிலிருந்து மறைந்துவிடவில்லை. பொது நாணயம் மார்க் என்று ஆனது, பூப்பக்கத்தில் பேரரசின் கழுகு ஏறியது, தலைப்பக்கம் அந்தந்த மன்னருக்கே விடப்பட்டது. அதனால் சேகரிப்பவர்கள் இதை இரண்டு பிரிவுகளாகப் பார்ப்பார்கள். ஒன்று 1871க்கு முந்தைய குல்டன், டுகாட், பிஸ்டோல் போன்ற தங்கக் காசுகள். மற்றது 1871 முதல் 1915 வரையிலான மார்க் தங்கம்.

புதிதாகத் தொடங்குபவர் எதிலிருந்து தொடங்கலாம்?

மார்க்கிலிருந்து. எடை, அளவு, மாற்று (தங்கத்தின் சுத்தம்) எல்லாம் சட்டத்தால் கட்டப்பட்டவை என்பதால் ஏமாறும் வாய்ப்பு குறைவு. 1871 டிசம்பர் 4ஆம் தேதிச் சட்டப்படி அரைக் கிலோ சுத்தத் தங்கத்தில் 139½ பத்து மார்க் காசுகள் அடிக்க வேண்டும். அந்தக் கணக்கில் 10 மார்க் 3.982 கிராம், 20 மார்க் 7.965 கிராம். இரண்டிலும் ஆயிரத்துக்கு 900 பங்கு தங்கம், மீதி செம்பு. 20 மார்க்கின் குறுக்களவு 22.5 மில்லிமீட்டர், பத்தின் குறுக்களவு 19.5.

1877, 1878 ஆண்டுகளில் 5 மார்க் தங்கமும் அடித்தார்கள். இரண்டு கிராமுக்கும் குறைவு, 17 மில்லிமீட்டர். சட்டைப்பையின் தையல் பிரிந்தால் தெருவில்தான். மக்கள் வெறுத்தார்கள். 1900இல் அதைச் செல்லாக்காசாக்கிவிட்டார்கள். அன்று யாரும் விரும்பாத காசு இன்று 10, 20 மார்க்குகளைவிடத் தேடப்படுகிறது.

20 மார்க்கும் நம்முடைய பவுனும் ஒன்றுதானா?

கிட்டத்தட்ட. நாம் நகைக்கடையில் சொல்லும் பவுன், பிரிட்டிஷ் சவரனிலிருந்து வந்தது. அதன் எடை 7.988 கிராம், 22 காரட். 20 மார்க் 7.965 கிராம், 21.6 காரட். சவரனில் 7.322 கிராம் சுத்தத் தங்கம், 20 மார்க்கில் 7.168. உள்ளங்கையில் இரண்டையும் வைத்தால் வித்தியாசம் தெரியாது, தராசில் வைத்தால் தெரியும். ஆக, சொந்தக்காரர்களுக்கான பதில்: ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைச்சல்.

எல்லா 25 அரசுகளும் தங்கம் அடித்தனவா?

இல்லை. லிப்பே என்ற சிற்றரசு வெள்ளியோடு நிறுத்திக்கொண்டது. மற்ற 24ம் ஒரு முறையாவது அடித்தன. "அரசுக்கு ஒரு காசு" என்று 24 காசுகளைச் சேர்ப்பது இந்தத் துறையின் பழைய கனவு. பெரும்பாலோருக்கு அது கனவாகவே நின்றுவிடும், ஏனென்றால் அடித்த எண்ணிக்கை அப்படி. மூத்த கிளை ராய்ஸ் அரசு 1875இல் அடித்த 20 மார்க் வெறும் 1,510. சாக்சன்-கோபுர்க்-கோத்தா 1872இல் அடித்தது 1,000.

அந்தக் கோபுர்க் காசில் இருப்பவர் டியூக் இரண்டாம் எர்ன்ஸ்ட், விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட்டின் அண்ணன். சவரனில் இருப்பது விக்டோரியாவின் தலை, இதில் இருப்பது அவருடைய கணவரின் அண்ணன் தலை. எர்ன்ஸ்டுக்குப் பிறகு விக்டோரியாவின் மகன் ஆல்ஃபிரட், அவருக்குப் பிறகு விக்டோரியாவின் பேரன் கார்ல் எட்வர்ட் என்று மூன்று தலைமுறை இந்தச் சிறிய டியூக் நாட்டின் தங்கத்தில் வரிசையாக வருகிறது. மூன்றையும் வாங்க எனக்கு வசதியில்லை. ஆல்ஃபிரட்டை ஒருமுறை கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன்.

நகரங்களுக்கு மன்னர் இல்லை, அதனால் தலைக்குப் பதில் சின்னம். ஹாம்பர்க்குக்குக் கோட்டை, பிரெமனுக்குச் சாவி, லூபெக்குக்கு இருதலைக் கழுகு. ஹாம்பர்க் காசு எளிதில் கிடைக்கும். பிரெமன் 1906இல் ஒரு 20 மார்க், 1907இல் ஒரு 10 மார்க் என்று முடித்துக்கொண்டது. லூபெக் பத்து மார்க் மட்டுமே அடித்தது.

காசின் மேல் இருக்கும் ஒற்றை எழுத்து என்ன?

அது தங்கசாலையின் முகவரி. ஏ என்றால் பெர்லின், பி ஹனோவர், சி ஃபிராங்க்ஃபர்ட், டி மியூனிக், எஃப் ஷ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூஹெ, எச் டார்ம்ஸ்டாட், ஜே ஹாம்பர்க். இ என்பது 1887 வரை டிரெஸ்டன், அதன் பின் ஃபிரைபெர்க் பக்கத்திலுள்ள முல்டன்ஹியூட்டன்.

இதில் பி, சி எழுத்துகள் எனக்குத் தனிப் பிரியம். ஹனோவரும் ஃபிராங்க்ஃபர்ட்டும் 1866இல் சுதந்திரம் இழந்த ஊர்கள். தோற்ற ஊரின் தங்கசாலையில், அந்த ஊர்த் தொழிலாளிகள் கையால், வென்ற பிரஷ்ய மன்னரின் தலையை அடித்திருக்கிறார்கள். ஹனோவர் தங்கசாலை 1878இல் மூடப்பட்டது, அடுத்து ஃபிராங்க்ஃபர்ட்டும் போனது. அந்தப் பிரஷ்ய மன்னரும் பேரரசருமான முதலாம் வில்ஹெல்மின் 20 மார்க்கை பெர்லின் எழுத்தோடு வாங்குகிற விலையோடு இன்னும் சற்றுச் சேர்த்தால் பல ஆண்டுகளுக்கு பி அல்லது சி எழுத்தே கிடைத்துவிடும். கடைக்காரரிடம் பெட்டியைக் கொடுக்கச் சொல்லி நீங்களே பொறுக்குங்கள்.

எழுத்தைத் தவிரக் கழுகையும் பாருங்கள். 1889 வரை சிறிய கழுகு, 1890 முதல் பெரிய கழுகு. 1871 முதல் 1873 வரை அடித்த 20 மார்க்கில் மதிப்பு "20 எம்." என்று சுருக்கமாக இருக்கும். 1874 முதல்தான் "20 மார்க்" என்று முழுதாக எழுதினார்கள். பட்டியல்களில் இந்த வகைகளுக்கெல்லாம் ஜேகர் என்ற எண்வரிசை உண்டு. விற்பவர் "ஜேகர் 252" என்றால் பெரிய கழுகோடு வரும் இரண்டாம் வில்ஹெல்மின் சாதாரண 20 மார்க் என்று புரிந்துகொள்ளுங்கள்.

1888 காசு அரிதானது என்கிறார்களே?

கதைதான் அரிது, காசு இல்லை. 1888 மார்ச் 9இல் முதலாம் வில்ஹெல்ம் இறந்தார். மகன் மூன்றாம் ஃப்ரீட்ரிக் பட்டம் ஏறியபோதே தொண்டைப் புற்றுநோயால் பேச முடியாத நிலை. 99 நாள் ஆண்டார். ஜூன் 15இல் அவரும் போய், பேரன் இரண்டாம் வில்ஹெல்ம் வந்தார். ஜெர்மானியர்கள் இதை மூன்று பேரரசர்களின் ஆண்டு என்பார்கள்.

மூவருக்கும் 1888 என்று ஆண்டு பொறித்த 20 மார்க் உண்டு. "99 நாள் மன்னர்" என்பதைக் கேட்டதும் காசும் கொஞ்சம்தான் இருக்கும் என்று தோன்றும். உண்மையில் ஃப்ரீட்ரிக்கின் 20 மார்க் ஐம்பது லட்சத்துக்கும் மேல் அடிக்கப்பட்டது. மக்கள் நினைவாக எடுத்து வைத்துக்கொண்டதால் நல்ல நிலையிலேயே நிறையக் கிடைக்கிறது. மூன்றையும் ஒரே அட்டையில் வைத்து "அரிய தொகுப்பு" என்று விற்பார்கள். தனித்தனியாக வாங்கி நீங்களே அட்டையில் வையுங்கள்.

பவேரிய மன்னர் ஒட்டோவின் காசு ஏன் பேசப்படுகிறது?

அவர் ஒரு நாளும் ஆளவில்லை என்பதால். அண்ணன் இரண்டாம் லுட்விக், கோட்டைகள் கட்டிக் கடனாளியானவர், 1886 ஜூன் 13இல் ஷ்டார்ன்பெர்க் ஏரியில் பிணமாகக் கிடைத்தார். பட்டம் தம்பிக்கு வந்தது. தம்பி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மனநோயால் மியூனிக் பக்கத்து ஃபியூர்ஸ்டன்ரீட் மாளிகையில் அடைபட்டிருந்தார். ஆட்சியை நடத்தியவர் சித்தப்பா லுயிட்போல்ட். சட்டப்படி மன்னர் ஒட்டோ என்பதால் காசில் ஒட்டோவின் தலையே வந்தது. 1895 முதல் 1913 வரை அந்த 20 மார்க்கில் திடமான, கம்பீரமான ஒரு முகத்தைப் பார்க்கலாம். மாளிகைச் சுவரைத் தாண்டாத மனிதரின் முகம் பவேரியா முழுக்கக் கைமாறியது.

1913 நவம்பரில் அரசியல் சட்டத்தையே மாற்றி, ஒட்டோ உயிரோடு இருக்கும்போதே லுயிட்போல்ட்டின் மகன் மூன்றாம் லுட்விக் மன்னரானார். அவருடைய 20 மார்க் 1914இல் அடிக்கப்பட்டது, போர் வந்துவிட்டதால் புழக்கத்துக்குப் போகவில்லை. அது உண்மையிலேயே அரிது.

டுகாட் என்றால் என்ன? குல்டனிலிருந்து எப்படி வேறு?

குல்டன்தான் மூத்தது. ஃபுளோரன்ஸ் நகரம் 1252இல் அடித்த தங்கக் காசைப் பார்த்து ரைன் ஆற்றோர ஆட்சியாளர்கள் அடித்தது அது. மைன்ஸ், டிரியர், கொலோன் பேராயர்கள் மூவரும் பாலட்டினேட் ஆட்சியாளரும் 1386இல் நாணய ஒப்பந்தம் செய்து ஒரே மாதிரி அடிக்கத் தொடங்கினார்கள். ஒப்பந்தம் நல்லதுதான், தங்கம்தான் தேய்ந்துகொண்டே போனது. 23 காரட்டுக்குப் பக்கத்தில் தொடங்கியது 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் 19 காரட்டுக்கும் கீழே வந்துவிட்டது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிற்காலக் குல்டன் வெளுத்திருக்கும்.

வியாபாரிகள் சலித்துப்போன இடத்தில் டுகாட் வந்தது. பழைய புனித ரோமப் பேரரசின் 1559ஆம் ஆண்டு நாணயச் சட்டம், ஒரு கொலோன் மார்க் எடையில் (இந்த மார்க் காசு இல்லை, பழைய எடை அளவு) 67 டுகாட், மாற்று 23⅔ காரட் என்று வரையறுத்தது. ஒரு காசு 3.49 கிராம், ஆயிரத்துக்கு 986 பங்கு தங்கம். பத்தரை மாற்று என்று நாம் சொல்வோமே, அதற்குப் பக்கத்தில். அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கு அந்த அளவு ஏறக்குறைய அசையவில்லை. ஹாம்பர்க் நகரம் 1872 வரை டுகாட் அடித்துக்கொண்டிருந்தது, அதாவது பேரரசின் மார்க் வந்த பிறகும்கூட.

சுத்தத் தங்கம் என்பதால் டுகாட் மெல்லியது, வளையும். பட்டியல்களில் "அலையலையாக" என்று ஒரு குறிப்பு வரும். யாரோ ஒரு காலத்தில் வளைத்து, பிறகு நிமிர்த்திய காசு என்று பொருள். படத்தில் தெரியாது, கையில் எடுத்தால் தெரியும்.

ஒரு டுகாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. பிராண்டன்பர்க் ஆட்சியாளர் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் ஆப்பிரிக்க வணிகக் கம்பெனி ஒன்றைத் தொடங்கி, 1683இல் இன்றைய கானாவின் கடற்கரையில் குரோஸ்-ஃப்ரீட்ரிக்ஸ்புர்க் கோட்டையைக் கட்டினார். அங்கிருந்து வந்த தங்கத்தில் கப்பல் படம் போட்ட டுகாட்டுகளை அடித்தார்கள். பாய்மரங்கள் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும் அழகான வேலை. அதே கம்பெனியின் கப்பல்கள் மனிதர்களையும் ஏற்றி அடிமைகளாக விற்றன. ஏலப் பட்டியல்கள் பாய்மரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதும், அடிமைகளைப் பற்றி ஒரு வரி எழுதினால் பெரிது.

ஆற்றுத் தங்கக் காசு என்கிறார்களே, அது என்ன?

என்னைக் கேட்டால் இந்த முழுத் துறையிலும் அழகானவை இவைதான். ரைன், டான்யூப், இன், இசார் ஆறுகளின் மணலில் கண்ணுக்குத் தெரியாத அளவு தங்கத் துகள் உண்டு. கரையோர ஏழைகள் மணலை அலசிச் சேர்த்ததை ஆட்சியாளர்கள் வாங்கி, அதிலேயே டுகாட் அடித்து, எந்த ஆற்றுத் தங்கம் என்று காசிலேயே எழுதினார்கள். பவேரியாவில் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தவற்றில் ஆற்றுத் தெய்வம் சாய்ந்து படுத்திருக்கும். கூடவே "டான்யூப் தங்கத்திலிருந்து", "இன் தங்கத்திலிருந்து", "இசார் தங்கத்திலிருந்து" என்று இலத்தீனில் இருக்கும். பாலட்டினேட்டின் கார்ல் தியோடர் 1760களில் அடித்ததில் மன்ஹைம் நகரக் காட்சியும் "ரைன் கரைகள் இப்படி ஒளிர்கின்றன" என்ற வாசகமும் உண்டு.

பாடன் நாடு கவிதையெல்லாம் எழுதவில்லை. தன் டுகாட்டில் "ரைன் தங்கம், 22 காரட் 6 கிரேன்" என்று ரசீது மாதிரி எழுதிவிட்டது. ஒரு காரட்டுக்கு 12 கிரேன், ஆக 22½ காரட். ஆற்றுத் தங்கத்தில் இயற்கையாகவே கொஞ்சம் வெள்ளி கலந்திருக்கும். அதைப் பிரிக்காமல் அப்படியே அடித்ததால், வாங்குபவர் பிறகு சண்டைக்கு வராதபடி மாற்றைக் காசிலேயே சொல்லிவிட்டார்கள். 1817 முதல் பொறியாளர் துல்லாவின் திட்டப்படி ரைன் ஆற்றை நேராக்கினார்கள். வளைவுகளும் மணல்திட்டுகளும் போனதோடு தங்கம் அலசும் தொழிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

விலை? கேட்காமல் இருப்பது நல்லது.

குறைந்த செலவில் பழைய டுகாட் வகை ஏதாவது?

நியூரம்பர்க் நகரத்தின் ஆட்டுக்குட்டிக் காசுகளைத் தேடுங்கள். பூமி உருண்டையின் மேல் கொடி பிடித்து நிற்கும் ஆட்டுக்குட்டி, 1700 என்ற ஆண்டு. ஞானஸ்நானத்துக்கும் புத்தாண்டுக்கும் அன்பளிப்பாகக் கொடுப்பதற்காகவே அடித்தவை. வட்டமாகவும் சதுரமாகவும் வரும். முழு டுகாட்டில் தொடங்கி அரை, கால், அரைக்கால் என்று இறங்கி 32இல் ஒரு பங்கு வரை உண்டு. அந்தக் கடைக்குட்டி 0.11 கிராம்கூட இல்லை, துவரம்பருப்பு அளவுதான். தும்மும்போது கையில் வைத்திருக்காதீர்கள்.

1700 என்ற ஆண்டை நம்பிக் காலத்தைச் சொல்ல முடியாது. நல்ல வியாபாரமானதால் 18ஆம் நூற்றாண்டு முழுவதும் அதே ஆண்டோடு திரும்பத் திரும்ப அடித்தார்கள்.

ஃப்ரீட்ரிக் டோர் என்றால்?

பிரஷ்யாவின் ஐந்து தாலர் தங்கக் காசு (தாலர் என்பது அன்றைய பெரிய வெள்ளிக் காசு). 1741இல் மகா ஃப்ரீட்ரிக் தொடங்கி 1855 வரை வந்தது. 6.68 கிராம், மாற்று ஆயிரத்துக்கு 900 சுற்றி. ஹனோவரின் ஜார்ஜ் டோர், சாக்சனியின் ஆகஸ்ட் டோர் எல்லாம் இதன் பங்காளிகள்.

வாங்கும்போது ஏழாண்டுப் போர்க்காலத்தைக் (1756–63) கவனியுங்கள். ஃப்ரீட்ரிக் சாக்சனிக்குள் புகுந்ததும் லைப்சிக் தங்கசாலையையும் அச்சுகளையும் கைப்பற்றி, எதிரி மன்னரின் தலையோடே மாற்றுக் குறைந்த காசுகளை அடித்து ஊர் ஊராகத் தள்ளினார். தன் தலை போட்ட தங்கத்திலும் கை வைத்தார். தங்கசாலைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர்கள் ஃபைட்டெல் எஃப்ராயிம், டேனியல் இட்சிக் என்ற யூத வணிகர்கள். "வெளியே பார்த்தால் அழகு, உள்ளே பார்த்தால் அழுக்கு, வெளியே ஃப்ரீட்ரிக், உள்ளே எஃப்ராயிம்" என்று மக்கள் பாட்டுக் கட்டினார்கள். ஆணை போட்டதும் போர்ச் செலவுக்கு லாபத்தை அள்ளியதும் ஃப்ரீட்ரிக். வசவு வாங்கியது எஃப்ராயிம். அந்தக் காசுகளுக்கு இன்றும் எஃப்ராயிமைட் என்றுதான் பெயர்.

1857 குரோனே?

ஆஸ்திரியாவும் ஜெர்மன் அரசுகளும் செய்த வியன்னா நாணய ஒப்பந்தப்படி வந்த தங்கக் காசு. 11.11 கிராம், அதில் சரியாக 10 கிராம் சுத்தத் தங்கம். வெள்ளித் தாலரோடு நிலையான மாற்று விலை வைக்காததால் கடைவீதியில் யாரும் சீண்டவில்லை. சேகரிப்பவர்களுக்கு அழகான, கொஞ்சம் விலை கூடிய காசு.

அவ்வளவு பழைய 20 மார்க் ஏன் புத்தம் புதிதாக மின்னுகிறது? போலியா?

போலியாக இருக்கலாம், பெரும்பாலும் இல்லை. 1870–71 போரில் தோற்ற பிரான்ஸ் 500 கோடி பிராங்க் இழப்பீடு கட்டியது. மார்க் தங்கத்தின் தொடக்கமே அந்தப் பணத்தில்தான். அதில் 12 கோடி மார்க்கைத் தங்கக் காசாகவே, பெட்டிக்கு ஒரு லட்சம் என்று 1,200 பெட்டிகளில் போட்டு, பெர்லினை அடுத்த ஷ்பாண்டாவ் கோட்டையின் யூலியுஸ் கோபுரத்தில் 1874 முதல் பூட்டி வைத்தார்கள். அடுத்த போருக்கான உண்டியல். எல்லாம் 20 மார்க் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 48 டன். நாற்பது ஆண்டு யார் கையும் படவில்லை. மற்ற நாட்டு வங்கிகளின் பெட்டகங்களிலும் மூட்டை மூட்டையாக இருந்தது. அன்றாடச் செலவுக்கு வெள்ளியும் தாளும் போதுமாக இருந்த நாட்டில் 20 மார்க் எத்தனை பேர் கையில் புரண்டிருக்கும்?

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் தாளுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தினார்கள். "இரும்புக்குத் தங்கம் கொடுத்தேன்" என்று மோதிரத்தைக்கூடக் கழற்ற வைத்தார்கள். 1915இல் பெர்லினில் அடித்த 20 மார்க் பெரும்பாலும் உருக்கப்பட்டது. அது கிடைத்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆசாரியிடம் உரைத்துப் பார்த்தால் போதாதா?

போதாது, உரைக்கவும் கூடாது. நம் ஊரில் தங்கம் என்றாலே உரைகல் நினைவுக்கு வரும். ஆனால் அரிய காசின் விலை அதன் தங்கத்தைப் போலப் பல மடங்கு. அதனால் தேர்ந்த போலிக்காரன் சரியான மாற்றுத் தங்கத்திலேயே அடிக்கிறான். உரைகல் "தங்கம்தான்" என்று சொல்லும், காசின் விளிம்பில் ஒரு கீறல் மிஞ்சும், அவ்வளவுதான்.

முதலில் எடை, நூறில் ஒரு கிராம் காட்டும் தராசில். பிறகு குறுக்களவு. பிறகு தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி: மார்க் தங்கத்துக்கு 17.2 சுற்றி, டுகாட்டுக்கு 19 சுற்றி வர வேண்டும். 20 மார்க்கின் விளிம்பில் "காட் மிட் உன்ஸ்", கடவுள் எங்களோடு, என்ற எழுத்து கூர்மையாக இருக்க வேண்டும். 10 மார்க்கின் விளிம்பில் பூங்கொடி அலங்காரம் மட்டுமே. இதெல்லாம் தேறினால் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் மேற்பரப்பைப் பாருங்கள். வார்ப்புக் குழிகள், எழுத்துகளுக்கு நடுவே தேவையில்லாத மேடுகள், ஆண்டெண்ணையோ தங்கசாலை எழுத்தையோ சுற்றிச் சுரண்டிய தடம். ஒரே இடத்தில் ஒரே வடு உள்ள இரண்டு காசுகளைப் பார்த்தால் இரண்டையும் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

போலி புதிய தொழில் இல்லை. ஷ்பையரில் 1772இல் பிறந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர், பழங்காலக் காசுகளுக்குத் தானே அச்சு வெட்டி அடித்தார். புதுப் பளபளப்பைப் போக்க, இரும்புத்தூளும் கொழுப்பும் நிரப்பிய பெட்டியில் காசுகளைப் போட்டு வண்டியில் கட்டி ஊர் சுற்றுவாராம். "கிழவர்களை வெளியே காற்றாட அழைத்துப்போகிறேன்" என்று சொல்வாராம். அவருடைய அச்சுகள் இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் அடித்த போலிகளையே தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு.

ஜெர்மன் பட்டியலில் காசின் நிலை "ஷோன்" என்று போட்டிருந்தால் அழகான காசுதானே?

சொல்லுக்குப் பொருள் "அழகு". காசுக்குப் பொருள் "நன்றாகத் தேய்ந்தது". "ஸேர் ஷோன்", மிக அழகு, என்றால் நடுத்தரம். "ஃபோர்ட்சுக்லிஷ்" என்றால்தான் நல்ல நிலை. "ஷ்டெம்பெல்கிளான்ஸ்" என்றால் அச்சின் மினுக்கு மாறாதது. கல்யாணத் தரகர் "பெண் சுமாராக இருப்பாள்" என்பதை எப்படிப் படிப்போமோ, அப்படி ஒரு படி கீழே இறக்கிப் படியுங்கள்.

காதுத் தடம் என்றால் என்ன?

நான் கையைச் சுட்டுக்கொண்ட இடம் இது. நம்மூர்க் காசுமாலையைப் போலவே அங்கும் தங்கக் காசுக்கு வளையம் பற்றவைத்துச் சங்கிலியில் கோத்தார்கள், ஊசிப்பதக்கம் செய்தார்கள். பிறகு வளையத்தை அறுத்து, அரத்தால் தேய்த்து, மெருகு போட்டுக் காசாக விற்றார்கள். என் முதல் லூபெக் 10 மார்க்கை ஒரு சின்னக் கடையில் வாங்கினேன், கடை விளக்கில் ஜொலித்தது. வீட்டுக்கு வந்து விளிம்பைத் திருப்பிப் பார்த்தபோது பன்னிரண்டு மணி இடத்தில் அலங்காரம் வழுவழுவென்று மறைந்திருந்தது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, ரசீதில் சிறிய எழுத்தில் எழுதித்தான் கொடுத்திருந்தார். எனக்குப் படிக்கத் தோன்றவில்லை. காதுத் தடம் உள்ள காசு அதே தேய்மானமுள்ள நல்ல காசின் விலையில் ஒரு பகுதிதான் பெறும். இணையப் படங்களில் விளிம்பு தெரியாது. விளிம்பின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அழுக்குக் காசைக் கழுவலாமா?

கூடாது. பூந்திக்கொட்டையும் கூடாது, பற்பசையும் கூடாது. செம்பு கலந்ததால் வரும் சிவப்புப் புள்ளிகளைத் துடைக்க முயலாதீர்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள், மென்மையான பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள்.

விலையை எது தீர்மானிக்கிறது?

சாதாரண ஆண்டு இரண்டாம் வில்ஹெல்ம் 20 மார்க், அன்றைய தங்க விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். செய்கூலி, சேதாரம் என்று நகைக்குக் கொடுப்பதைவிட அதிகப்படி பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். சிற்றரசுக் காசுக்குத் தங்க விலையோடு சம்பந்தமே கிடையாது. எத்தனை அடித்தார்கள், எத்தனை மிஞ்சின, அன்று ஏலத்தில் எத்தனை பேர் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் கணக்கு. ஏலத்தில் சுத்தியல் விலைக்கு மேல் ஏலக் கூடுதல் தொகை உண்டு. அதை மறந்து கை தூக்குபவர்கள் ஒவ்வொரு ஏலத்திலும் இருப்பார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1800க்குப் பிறகு அடித்த, 900 மாற்றுக்குக் குறையாத, செல்லுபடியாக இருந்த காசு தங்க மதிப்பைவிட 80 சதவீதத்துக்கு மேல் போகாமல் விற்றால் மதிப்புக் கூட்டு வரி இல்லை. சாதாரண மார்க் தங்கம் இதில் அடங்கும், 18ஆம் நூற்றாண்டு டுகாட் அடங்காது. ஜெர்மனியில் வசிப்பவர்களுக்கு இன்னொன்று: ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து தனிப்பட்ட முறையில் விற்றால் அந்த லாபத்துக்கு வருமான வரி கிடையாது.

இந்தியாவுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாமா?

கொண்டுவரும்போது சுங்கத்தில் காட்டித் தீர்வை கட்ட வேண்டும். பலரும் யோசிக்காதது அதற்கு அடுத்தது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த காசு தொல்பொருள். தொல்பொருளைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்ப முடியாது. மார்க் தங்கம் எல்லாமே இப்போது நூறு தாண்டிவிட்டது. ஆசையாகச் சென்னைக்கு எடுத்துவந்துவிட்டு, பத்து வருடம் கழித்து நல்ல விலை கிடைக்கிறதே என்று மியூனிக் ஏலத்துக்கு அனுப்ப நினைத்தால் வழி இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்குத் திரும்பும் முன் இதை யோசித்துவிடுங்கள்.

வாங்காமல் பார்க்க மட்டும் எங்கே போகலாம்?

பெர்லினில் போடே அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு, டிரெஸ்டனில் அரண்மனைக்குள் இருக்கும் நாணயக்கூடம், கோத்தாவில் ஃப்ரீடன்ஷ்டைன் மாளிகை, மியூனிக்கில் அரசு நாணயச் சேகரிப்பு. பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் கண் கொஞ்சம் பழகியிருக்கும். கடைக்காரர்களுக்கும் அது உடனே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு காசு வாங்க முடியும் என்றால் எது?

முதலாம் வில்ஹெல்மின் 20 மார்க், 1872 அல்லது 1873, சி எழுத்தோடு, காதுத் தடம் இல்லாதது. தங்க விலைக்குச் சற்றே மேலே கிடைக்கும். என்னுடையது 1872. தேய்ந்ததுதான், "ஸேர் ஷோன்" என்று போட்டுக் கொடுத்தார்கள். மன்னரின் காது மழுங்கிவிட்டது, அந்தச் சி மட்டும் இன்னும் கூர்மையாக இருக்கிறது.